கன்னப் பொத்தான்

1996 மார்ச் 4, திங்கள்

ஒழுங்காக எழுதிவைத்தால் மனம் அடங்கும். இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
1. தவமணிக்கு இயந்திரம் தந்திருப்பது மூன்று வாரத் தவணைக்கு.
2. பழக்கவேண்டியவன் நான். அந்தத் திறமை எனக்கில்லை.
3. அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

மனைவி தவமணிக்குப் பாரிசவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சில்லை, கை அசையாது. தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். கன்னத்தருகே ஒரு பொத்தான். கணினித் திரையில் ஆங்கில எழுத்துகள்மேல் வெளிச்சம் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்து வந்ததும் கன்னத்தால் அழுத்தவேண்டும். சிகிச்சையாளர் றோஸ்மேரி நான் நிரப்பிய படிவத்தைப் பார்த்து, "கணவரின் பெயரை எழுதுங்கள்" என்றார். வெளிச்சம் இருபது முறை சுற்றியது. அவள் அழுத்தவில்லை.

இருபத்தைந்தாம் திகதி மறுசோதனை. அதிலும் தவறினால், விளங்கும் சக்தி இல்லையென்று எழுதி இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு அவளுக்கு வாயே இல்லை.

மார்ச் 9

நவரட்ணம் - ஆங்கிலத்தில் பத்து எழுத்து. பெரிதாக எழுதித் திரைக்கு மேலே ஒட்டினேன். காலை அரைமணி, மாலை அரைமணி. ஒன்றுமில்லை.

மார்ச் 15

பக்கத்து நகரான யூனியன்விலில் இருந்து மகள் துர்க்கா வந்தாள்.
"அப்பா, கணக்குப் பாக்கிற ஓடிற்றர் மாதிரி அம்மான்ரை தலைமாட்டிலை நிக்கிறியள். கொஞ்சம் விடுங்கோவன்."
"பேரைத்தானே பிள்ளை கேக்கிறன்."
"உங்கடை பேர் என்ன, சோதினைக் கேள்வியே?"


மார்ச் 19

கத்திவிட்டேன். "என்ரை பேர் தெரியாதே உமக்கு? நாப்பத்தொரு வருசம், தவமணி!" கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தால் நீர் வழிந்தது. நானும் ஒரு மனுசனே?

மார்ச் 22

எல்லாம் வீண்.

மார்ச் 24, ஞாயிறு

பயிற்சி வைக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தவும் மறந்துபோனேன். அடுப்பில் பருப்பு, கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். தீய்ந்த மணத்தில் விழித்து ஓடினேன். சட்டி கரி. திரும்பி வந்தால் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ். கூட்டி வாசித்தேன்:

இஞ்சாருங்கோ பருப்பு

எவ்வளவு நேரம் அழுத்தியிருப்பாள்! இரண்டாந்தரம் சத்தமாக வாசித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாளாவது என் பெயரை அவள் வாயால் கேட்டிருக்கிறேனா? கோயிலில், கடையில், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பேச்சு நிற்குமுன் வாகனத்தில் - எங்கும் "இஞ்சாருங்கோ"தான். "மனைவி உங்களை எப்படி அழைப்பார்?" என்று படிவத்தில் கேட்டிருந்தது. அழகாக என் பெயரை எழுதிக்கொடுத்தவன் நான்.

மார்ச் 25

றோஸ்மேரியிடம் நானே பேசினேன். படிவத்தில் என் பெயரை வெட்டி, ஒன்பது எழுத்தில் சரியானதை எழுதினேன். "உங்கள் கணவரைக் கூப்பிடுங்கள்" என்றார். தவமணி கூப்பிட்டாள்.

இயந்திரம் எங்களோடு நிற்கிறது. முதல்நாள் எழுதியதில் இரண்டாவதைப் பற்றி இன்னும் சந்தேகம்தான். மூன்றாவது பிழை.