உங்களுக்காகக் காத்திருந்த வாளி

சார்,

நேற்று ராயக்கோட்டை பேருந்து நிலையத்தில் எலுமிச்சை சோடா வாங்கினேன். அடியில் கிடந்த விதையில் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. விதை மெல்ல மேலே ஏறியது. அங்கே குமிழிகள் உடைந்ததும் மூழ்கியது. மறுபடி ஏறியது. தக்காளிக் கூடைகளின் நெரிசலில் பேருந்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போய்விட்டீர்கள். என் கோபம் போகவில்லை.

ஓசூர் தொழிற்சாலையில் நீங்கள் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவின் மேலாளர். நான் ஆய்வகத்தில் புதியவள். படிகாரம் போட்டதும் தண்ணீரின் அழுக்கு பஞ்சுபோலத் திரண்டு தொட்டியின் அடியில் படிய வேண்டும். அந்தக் கோடையில் அது மிதந்தது. ஆனால் அதே தண்ணீர் என் மேசையில் அழகாகத் தெளிந்தது. கண்டதை அப்படியே எழுதினேன்.

"குமிழி இருக்கு சார். பம்பு எங்கயோ காத்த இழுக்குது. அந்தக் காத்துதான் அழுக்கத் தூக்குது."

"இது என்ன சோடா கம்பெனியாம்மா?" என்று சிரித்தீர்கள்.

அன்றிலிருந்து என் பெயர் சோடா. பம்பு இயக்கும் மஞ்சுநாத் உணவுக்கூடத்தில் குளிர்பானம் கேட்பதுபோல, "ஏ சோடா, ஒரு கலர் குடு" என்பான். நீங்கள் தட்டிலிருந்து தலை தூக்காமல் சிரிப்பீர்கள்.

அதைக்கூட மறந்திருப்பேன். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், "தொட்டியில மிதக்குது, உன் மேசையில மட்டும் படியுதா? பொய் ரிசல்ட் எழுதற பொண்ணு எனக்கு வேணாம்" என்றீர்கள். வேலை போனது. அதன்பின் நான் போன இடங்களுக்கெல்லாம் அந்தச் சொல் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. உங்களிடம் விசாரித்தார்கள், நீங்கள் சொன்னீர்கள். கடைசியில் கிருஷ்ணகிரியில் பம்பு பழுதுபார்க்கும் சிறு நிறுவனம் ஒன்றுதான் யாரையும் விசாரிக்காமல் என்னை எடுத்துக்கொண்டது.

தேன்கனிக்கோட்டை சாலையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் உங்கள் சிரித்த முகத்தைப் பார்த்தேன். தப்பித்துவிட்டீர்களே என்றுதான் தோன்றியது.

போன மாதம் உங்கள் தொழிற்சாலையிலிருந்தே அழைப்பு வந்தது. தொட்டியில் அழுக்கு இன்னமும் மிதந்துகொண்டிருந்தது. ஆய்வகச் சுவரில் மாலையிட்ட உங்கள் படம், முன்னால் புகையும் ஊதுவத்தி. அதை உருவி எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன். தண்ணீரை இழுக்கும் குழாயின் இணைப்பருகே பிடித்தேன். புகை வளைந்து உள்ளே நுழைந்தது.

பிறகு எல்லோரையும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். குழாயிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீர் ஒரு கண்ணாடிக் குடுவையில். காலையில் அதே குழாயிலிருந்து வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் இன்னொன்றில். இரண்டிலும் படிகாரம் கலந்தேன். வாளித் தண்ணீரில் அழுக்கு படிந்தது. மற்றதில் பொடிக் குமிழிகளோடு மேலே கிளம்பியது.

"அய்யோ, மேல போகுதல்லா மேடம்!" என்றான் மஞ்சுநாத்.

"கலர் வேணுமா மஞ்சு?"

அவன் தலை கவிழ்ந்தது.

உங்கள் கட்டளை நினைவிருக்கிறதா சார்? "நான் வராம டெஸ்ட் ஆரம்பிக்கக் கூடாது." டீ குடித்து, போன் பேசி, நீங்கள் வரும்வரை தண்ணீர் வாளியில் காத்திருக்கும். அதற்குள் அதிலிருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள், படிவதை நின்று பார்த்ததே இல்லை. என்னைப் பொய்க்காரியாக்கியது உங்கள் தாமதம்.

புதிய மேலாளர் மெல்லச் சொன்னார்: "போய்ச் சேர்ந்துட்டாரும்மா. மனசுல வெச்சுக்காதீங்க."

"இத்தன நாளா மனசுலதான் சார் வெச்சிருந்தேன். அன்னிக்கு நான் எழுதினது உண்மைன்னு இவங்க முன்னால சொல்லுங்க, போதும்."

சொன்னார். அதைக் கேட்க நீங்கள் இல்லை. வேறு எதை மன்னித்தாலும் அதை மன்னிக்க மாட்டேன். அழுக்கு மிதக்கும் குடுவையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

ஊதுவத்தியைத் திருப்பி வைக்கவில்லை. அதன் மிச்சம் என் கருவிப் பையில் கிடக்கிறது. இப்போதெல்லாம் எந்தப் பம்பைத் திறக்கும் முன்னும் ஒரு வத்தி கொளுத்துகிறேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து ஆட்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். நான் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கிறேன், சார்.