நூற்றுக்கு நூறு ‘ஆம்’

பிப்ரவரி 3, செவ்வாய்

பீளமேடு ஆபீஸில் இன்று கேக். வாடிக்கையாளர்களின் தரவுத்தளத்தைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் கருவியில் முன்பு பதினான்கு கேள்விகள் இருந்தன. அத்தனையையும் தூக்கிவிட்டு ஒரே பொத்தானாக்கினேன். முடிவில் ஒரு கேள்வி மட்டும்: “நல்லபடியாக முடிந்ததா?” எழுபத்திரண்டு பேரும் ‘ஆம்’ அழுத்தியிருக்கிறார்கள். என்னை டீம் லீட் ஆக்கப்போவதாக மேனேஜர் மதன்குமார் எல்லார் முன்னாலும் சொன்னார்.

பிப்ரவரி 6

ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. என் அம்மாவே எனக்கு இத்தனை மார்க் போட்டதில்லை.

பிப்ரவரி 11, புதன்

‘ஆம்’ அழுத்திய வாடிக்கையாளர் ஒருவரின் பாராட்டை வீடியோ எடுக்க வெள்ளகோவில் போனேன். நஞ்சம்மாள் அக்கா அங்கே திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். திரையில் ‘கூட்டம்’ என்ற கட்டம் எல்லா வரனுக்கும் காலி. கொங்குப் பக்கம் குலப்பிரிவுக்கு அதுதான் பெயர். ஒரே கூட்டமென்றால் அண்ணன் தங்கை முறை; பேச்சே எடுக்க மாட்டார்கள். தெரியாத கட்டம் வந்தால் கருவி கேட்டிருக்க வேண்டும். கேள்விகளைத்தான் நான் தூக்கிவிட்டேனே.

‘இல்லை’ அழுத்தியிருக்கலாமே அக்கா என்றேன்.

“ஆசையாச் செஞ்சிருக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படீங்க அம்மணி இல்லைன்னு சொல்றது? நான் நோட்டுல பார்த்துக்கறனுங்க.”

நோட்டைப் புரட்டினோம். ஞாயிற்றுக்கிழமை சுரேந்தர் வீட்டார் பெண் பார்க்கப் போகிற கனிஷ்கா — இரண்டு பேரும் ஆந்தை கூட்டம். அவசரத்தில் நோட்டைப் பார்க்காமல் திரையை நம்பிவிட்டாராம். இருபது வருடப் பெயர். உடனே இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு நிறுத்தினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

பிப்ரவரி 12

சூலூர் விசைத்தறி பொங்கியண்ணனிடம் விசாரித்தேன். “அருமையா ஓடுதுங்க. என்ன, நூல் இருப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியறதில்லீங்க.”

அவரும் ‘ஆம்’தான்.

பிப்ரவரி 23, திங்கள்

பழைய பிரதியிலிருந்து கூட்டங்களை மீட்டாயிற்று. அந்தக் கடைசிக் கேள்வியையும் எடுத்துவிட்டேன். இனி மனிதர்களைக் கேட்பதாக இல்லை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கருவியே எல்லாவற்றையும் ஒப்பிடும். ஒன்று குறைந்தாலும் பழையதைத் திரும்ப வைத்துவிட்டு ‘முடியவில்லை’ என்று சொல்லும். வெற்றி விகிதம் நூறிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டது.

“நல்லா இருந்ததை ஏங்க லாஸ்யா கெடுத்தீங்க?” என்றார் மதன்குமார். டீம் லீட் பேச்சு அதோடு நின்றது. ஆனாலும் நூறைத் திருப்பி வைக்க மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

நஞ்சம்மாள் அக்கா போன்.

“ஏனுங்க அம்மணி, கோவிச்சுக்காதீங்க. உங்க புதுசு சரியில்லீங்க. நட்சத்திரம் தேடுனா சுத்திக்கிட்டே கெடக்குதுங்க.”

எங்கள் கம்பெனி வரலாற்றில் முதல் புகார். தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டேன். சரிசெய்யும் வரை நோட்டில் பார்த்துக்கொள்ளுங்களேன் அக்கா என்றேன்.

“அதையப் பரண்ல போட்டுட்டனுங்க. இனி நீங்கதானுங்க பார்க்கோணும்.”