கைநாட்டுக்கு முன் ஒரு கேள்வி

ஜூன் 14, ஞாயிறு. கொட்டகலை.

1. மேற்சபையின் வேலை, கீழ்ச்சபை அவசரத்தில் செய்ததை மறுபடி பார்ப்பது.
2. அதிகாரம் இல்லாததால்தான் அது வீணாகிறது. நம் நாட்டுச் செனட் சபை 1971இல் ஒழிக்கப்பட்டதும் அப்படித்தான்.
3. எங்கள் மரண உதவிச் சங்கத்தின் மூத்தோர் குழுவும் அதே நிலையில் இருக்கிறது.

பள்ளியில் குடியியல் கற்பித்த பழக்கத்தில் இப்படித்தான் எழுத வருகிறது.

செயற்குழுவின் தீர்மானம் எதுவும் மூத்தோர் மூவரும் ஒப்பமிட்டால்தான் செல்லும். நான் பல வருடமாக வாசிக்காமலே ஒப்பமிடுகிறேன். இன்றும் இட்டேன். மூவரில் ஒருவரான, தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற இராமாயி மட்டும் மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க தம்பி."

"வழக்கமானதுதான் பெரியம்மா, மழை வருது," என்றார் சங்கத் தலைவர்.

"வரட்டும். படிச்ச மாஸ்டரு வாசிக்காம வைப்பாரு. கைநாட்டு நான், கேட்டுட்டுத்தான் வைப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானே வாசித்தேன். தோட்டத் தொழிலாளர் பதிவில் பெயர் இல்லாதவர்களின் இறுதிச்சடங்கை இனிச் சங்கம் பொறுப்பேற்காது என்று இருந்தது.

"அப்ப பேரு வெட்டுன எங்க லயத்து வரிசை வீட்டுச் செல்லம்மா செத்தா யாரு தூக்குறது? நீங்களா மாஸ்டர்?"

சிரிப்பு நின்றது. தலைவர் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

அந்த அம்மாவின் குரல் உயரக்கூட இல்லை. இன்னும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. செல்லம்மாவை விலக்கிய தாளில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது!

இரண்டாவது குறிப்பு தவறு. அதிகாரம் என்னிடமும் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.