பொலித்தீன் சுத்தின ட்ரைவ் பெட்டி

செவ்வாய், இஷா தொழுதுட்டு வந்து

அருவருப்பா இரிக்கி. பட்டறையில மரம் செதுக்குற பழைய சிஎன்சி மெசினுக்குப் புது மோட்டரும் அதுகளை ஓட்டுற ட்ரைவும் மினக்கெட்டுப் பூட்டினன். இண்டைக்குப் பள்ளிவாசல் கதவைச் செதுக்கக்குள்ள ஒரு மோட்டர் நிண்டு போச்சு. மத்தது ஓடினபடியா பூவேலைக்குக் குறுக்கால கோடு விழுந்திட்டு. தேக்குப் பலகை நாசம்.

ட்ரைவ் பெட்டியைத் தொட்டன், கை சுட்டிச்சு. சூடேறித்தான் மோட்டர் நிண்டிருக்கு. காத்துப் போற ஓட்டையெல்லாம் பொலித்தீனால மூடி டேப் ஒட்டியிருக்கு. தங்கச்சிட மாப்பிள்ளைட வேலை. பட்டறையில என்ட பங்குக்காரன்.

"கடல் காத்துல உப்புப் பிடிச்சிரும் மச்சான். புதுச்சாமான் புதுசாவே இரிக்கட்டுமே" எண்டான்.

வீட்டுச் சோபாட பொலித்தீனையே இன்னும் கழட்டாத ஆள். இவனுக்கு என்னத்தச் சொல்ற?

கதவைப் பார்க்கப் பள்ளி நிருவாகத்து மரைக்கார் வந்தார். இவன் கொஞ்சமும் வெக்கமில்லாம, "சீனாச் சாமான், நம்ப ஏலாது. மச்சான்தான் எடுப்பிச்சார்" எண்டான். மரைக்கார் என்னைத்தான் பார்த்தார். தங்கச்சிட முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு நிண்டன். சீ.

பொலித்தீனைக் கிழிச்சு எறிஞ்சிட்டு மஹ்ரிபுக்குப் போனன். தொழுதுட்டுப் பட்டறையைப் பூட்ட வந்து பார்த்தா, திரும்பவும் சுத்தி வெச்சிருக்கான்.

இந்த முறை ரெண்டு மடிப்பு.