பதினொரு பசுக்களும் உங்கள் பெயர்ப் பட்டியலும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாடியேறி வந்து என்னோடு சண்டை போடும் அளவுக்கு. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியந்தானே? பல் முளைக்கும் நேரம், கண்டதையும் வாயில் வைக்கவிடாதே. போனில் சொன்னால் சரிப்பா பார்க்கிறேன்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

மனிதன், மாடு, எலி, நாய் எல்லாவற்றிலும் ஒரே மரபணுவுக்கு ஒரே பெயர் என்று உங்கள் குழு போட்ட பட்டியல் எங்கள் மாட்டுப் பண்ணை ஆய்வகத்துக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து. முதலில் அதை அம்மாவிடம் காட்டினேன், பிறகுதான் உள்ளே படித்தேன். நல்ல வேலைதான், எலியை ஆராய்கிறவர் ஒரு பெயரும் மாட்டை ஆராய்கிறவர் வேறு பெயருமாகச் சொல்லி நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் பழுதானால் கன்றுகளின் கால்களைத் துவளச் செய்யும் அந்த மரபணுவில் தவறிவிட்டீர்கள். மனிதனுக்கு அது ஒன்று, மாட்டுக்கு இரண்டு நகல். ஜாடை அதிகம் ஒத்துப்போன நகலுக்கு மனிதப் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். ஜாடையை மட்டும் பார்த்தா உறவு சொல்வது? பாட்டில் கழுவ வந்தவன் நான், கல்லூரி வாசலை மிதித்ததில்லை, ஆனாலும் முப்பது வருடமாக ஒவ்வொரு மரபணுவுக்கும் ஓர் அட்டை போட்டு, அதற்கு இடப்பக்கம் எந்த மரபணு, வலப்பக்கம் எந்த மரபணு என்று குறித்து வைத்திருக்கிறேன். மனிதனில் அதற்கு அக்கம்பக்கம் இருப்பவையேதான் மாட்டில் மற்ற நகலுக்கும் அக்கம்பக்கம், அதனால் அந்தப் பெயர் அதற்குத்தான் சேர வேண்டும்.

உங்கள் பெயரை நம்பித் தவறான நகலைச் சோதித்து, பண்ணையில் பதினொரு பசுக்களைக் குறையுள்ளவை என்று கழித்துவிட்டார்கள். வரும் இருபதாம் தேதி காலை அவற்றை ஏற்றிப்போக இறைச்சிக்கூடத்து லாரி வருகிறது. போன வாரம், பட்டியல்படி குறையே இல்லாத ஜோடிக்குப் பிறந்த கன்று எழுந்து நிற்கவில்லை. அட்டைகளோடு பண்ணை மருத்துவரிடம் போனேன். உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்கா, அவளுக்கு மேல உங்களுக்குத் தெரியுமோ என்று சிரித்தார். தெரியும் என்றேன். குழுவிடமிருந்து ஒரு வரி வந்தால் லாரியை நிறுத்துகிறேன் என்றார். ஆய்வகப் பதிவேட்டில் புதுப் பெயரை ஏற்றுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். பெத்த பொண்ணோட மல்லுக்கட்ட வேற விஷயமே கிடைக்கலையா என்கிறாள் அம்மா. பட்டியல் போடுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது போகாது.

அப்பா சொன்னார் என்பதற்காக எதையும் மாற்றாதே. அட்டைகளின் படமும் வருகிறது, நீயே ஒப்பிட்டுப் பார். நான் தவறென்றால் மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் தவறென்றால் அதை உன் பெயரில் எழுது, குழுவில் மரியாதை குறைந்தால் குறையட்டும். முதலில் மருத்துவருக்கு எழுது, எனக்குப் பிறகு எழுதலாம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். தேதியை மறந்துவிடாதே. உன் வரி வந்தாலும் வராவிட்டாலும் அன்று காலை நான் பண்ணை வாசலில் லாரிக்கு முன்னால்தான் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா