பேச்சியம்மாள் கவர்

11 பிப்ரவரி 2007, ஞாயிறு

துணியை அலசி முடிப்பதற்குள் டிரஸ்ட் வண்டி வந்து ஆரன் அடித்துவிட்டது. ஈரக் கையோடு ஓடினேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிற வண்டி. மண்ணரை லைன் வீடுகளில் பாதிப் பேர் அதன் பின்னால்தான் நிற்கிறோம். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, வயிற்றுப்புண்ணுக்கு என்று எல்லா மாத்திரையும் இலவசம். எனக்கு வலிப்பு மாத்திரை. அந்தச் சொல்லை எழுதும்போதே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன், என்ன ஜென்மமோ.

இந்த ஊரில் அது என் வீட்டுக்காரர் மாதவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அக்காவுக்குத் தெரியும். மாத்திரை கொடுக்கும் தரணிக்கும் தெரியும், ஆனால் என் பெயர் அபிராமி என்று அவளுக்குத் தெரியாது. பிறந்த ஊரில் கூப்பிடுகிற பேச்சியம்மாள் என்ற பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரில்தான் மாத்திரைக் கவர் வரும். நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் தெரிந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். கரண்டில் ஓடுகிற ஓவர்லாக் தையல் மெஷினில் வலிப்புக்காரியை எவன் உட்கார வைப்பான்? மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட வரவில்லையே என்றால், அதைக் கேட்க எவனுக்குக் காது இருக்கிறது.

இன்றைக்குத் தரணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "இதோட ஞாயித்துக்கெழம வண்டி நிக்குதுங்க்கா. இனிமே கம்பெனி கேட்லயே குடுக்கறாங்க." எங்கள் முதலாளி ஆறுச்சாமிதான் டிரஸ்டுக்கும் தலைவர். ஒரே ஆள் மங்கலத்தில் ஒருமுறை, மண்ணரையில் ஒருமுறை என்று வாங்குகிறார்களாம். அசந்து தூங்கியவர்களுக்குக் கிடைப்பதில்லையாம். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் எங்கள் கம்பெனியைப் பார்க்க வரும்போது ஆபீஸ் வாசலில் மருந்து மேஜை இருந்தால் அழகாகவும் இருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தைத் தரணி சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

வரிசையின் கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் சதீஷ்குமார் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். முதலாளியின் அக்கா மகன். இந்த ஊரில் எவன் ஹெல்மெட் போடுகிறான்? முகத்தை மறைத்தால் பைக் தெரியாமல் போய்விடுமா? "யாருக்குங்க?" என்று தரணி கேட்டாள். "அம்மாவுக்குங்க" என்றான். கார் வைத்திருக்கிற வீட்டு அம்மாவுக்கு இலவச மாத்திரையாம். யார் யார் என்ன வாங்குகிறோம் என்று மாமனுக்காக வேவு பார்க்க வந்திருக்கிறான். நான் முந்தானையால் கவரை மூடிக்கொண்டு சந்து வழியாக வந்துவிட்டேன்.

12 பிப்ரவரி

கேட்டில் கொடுத்தால் என்ன, கை நீட்டி வாங்கிக்கொள் என்கிறார் மாதவன். இவருக்கென்ன, மங்கலத்தில் தறி ஓட்டுகிறார், தறி இவரை ஒன்றும் கேட்காது.

21 பிப்ரவரி, புதன்

இன்றைக்கு முதல் முறை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டைம் ஆபீஸ் முன்னால் மேஜை போட்டார்கள். அட்டைப் பெட்டியில் கவர்கள். மண்ணரைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தக் கம்பெனி என்பதால் மண்ணரைக் கவரெல்லாம் இங்கேயே வந்துவிட்டது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சதீஷ்தான் கவரை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தான். பெயர், அப்புறம் எதற்கான மாத்திரை. "பேர் மட்டும் போதுமுங்க" என்று தரணி மெதுவாகச் சொன்னாள். "மாத்திரை மாறிப் போச்சுன்னா யாருங்க பொறுப்பு? மாமா அப்படித்தான் வாசிக்கச் சொல்லியிருக்காருங்க" என்றான். செக்கிங்கில் இருக்கிற ஜோதிகாவின் பெயர் வந்தது. கல்யாணமாகாத பெண். வெள்ளைப்படுவதற்கு என்று வாசித்துவிட்டான். அயர்னிங் பையன்கள் சிரித்தார்கள். அவள் கவரை வாங்காமலே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பையன்களை அயர்ன் பாக்ஸால் இழுத்துவிட வேண்டும்போல இருந்தது எனக்கு.

அடுத்தது என்னுடையது.

"பேச்சியம்மாள். வலிப்பு மாத்திரை."

யாரும் எழவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "யாருங்க பேச்சியம்மா?" என்று அவன் மறுபடி கேட்டான், இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கி. சின்னத்தாய் அக்கா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். "கையத் தூக்கித் தொலைச்சிராத தாயி" என்றாள், உதடு அசையாமல். தரணி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். நல்ல பெண், வாயைத் திறக்கவில்லை. கவர் பெட்டிக்குள் திரும்பிப் போனது. எனக்கு உயிர் தருகிற சாமான் பத்தடி தூரத்தில் இருந்தது, நான் உட்கார்ந்து ரசம் குடித்தேன்.

22 பிப்ரவரி

மாதவன் மூன்று மெடிக்கலில் கேட்டுப் பார்த்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை தர முடியாது என்றார்களாம். சீட்டு டிரஸ்ட் ஆபீசில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்று தொடங்குவார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் நானே போக வேண்டும், அதுவும் வேலை நாளில் காலையில்.

இருப்பதைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறேன். அப்படிச் செய்யக்கூடாது என்று தரணி தலைபாடாக அடித்துக்கொள்வாள். தெரியும். வேறு என்ன செய்ய, நீயே சொல்லு.

1 மார்ச், வியாழன்

லீவு கேட்டேன். ஒரே ஒரு அரை ஷிப்ட். சதீஷ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஷிப்மெண்ட் போகட்டுங்க்கா. இப்ப ஒரு மெஷின் நின்னாலும் மாமா என்னையத்தான் கேப்பாரு." முகம் வீங்கி, கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி எத்தனை நாளோ ஆனவன் மாதிரி இருந்தான். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். லீவு கொடுக்காதவனுக்குத் தூக்கம் எதற்கு.

5 மார்ச்

நேற்றோடு மாத்திரை தீர்ந்தது.

இன்றைக்குத் தைக்கும்போது எங்கேயோ ரப்பர் கருகுகிற வாசனை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன், அவளுக்கு வரவில்லை. முன்னெல்லாம் வலிப்பு வருவதற்கு முன்னால் எனக்கு இந்த வாசனைதான் வரும். மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. பேச்சியம்மா, ஒன்றும் ஆகவில்லை, போய்த் தை.

6 மார்ச்

பயமாக இருக்கிறது.

9 மார்ச், வெள்ளி

விழுந்தது நான் இல்லை.

டீ வந்துபோன பிறகு சதீஷ் ஒரு கட்டுத் துணிப் பீஸைத் தூக்கிக்கொண்டு என் மெஷின் பக்கம் வந்தான். "இதை முதல்ல முடிச்..." என்று சொன்னவன் சொல்லை முடிக்கவில்லை. கட்டு சரிந்தது. அவனும் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். மெஷின் காலில் தலை இடித்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். அயர்ன் மாஸ்டர் வீரணன் அண்ணன், "இரும்பக் குடுங்கப்பா, கையில இரும்பக் குடுங்க" என்று கத்தியபடி நூல் வெட்டுகிற கத்திரியை எடுத்து அவன் கைக்குள் திணித்தார். கத்திரி முனையோடு அந்தக் கை முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் போய் வந்தது.

சும்மா இரு, இவன் உனக்கு லீவு கொடுக்காதவன், எழுந்தால் உன் குட்டு உடையும் என்று ஒரு மனசு சொன்னது. சொன்னதுதான். நான் கீழே உட்கார்ந்து கத்திரியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். "யாரும் கையில எதையும் குடுக்காதீங்க. கரண்ட அமத்துங்க. தள்ளி நில்லுங்கய்யா, மூச்சு விடட்டும்." பீஸ் கட்டை இழுத்துத் தலைக்கு அடியில் வைத்து, இழுப்பு அடங்கும்வரை இருந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் நுரையைத் துடைத்தேன். கண் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கண். எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும், என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

வீரணன் அண்ணனுக்குக் கோபம். "ஊரே இரும்பு குடுக்குது, நீ பெரிய டாக்டரா? ஒனக்கு எப்படித் தெரியும்?"

சின்னத்தாய் அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். எத்தனை நாள்தான் மூடி வைப்பது? அலுத்துப்போச்சு எனக்கு.

"எனக்கும் இதே சீக்குதான்ணே. அன்னைக்குக் கேட்ல கூப்பிட்டாங்கள்ல பேச்சியம்மான்னு, அது நான்தான்."

10 மார்ச், சனி

சம்பளத்தோடு முதலாளி கூப்பிட்டுவிட்டார். ஆறுச்சாமி கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சலே. உட்காரச் சொன்னார், டீ சொன்னார். "சதீசுக்கு வெயிலு ஒத்துக்கல அம்முணி. மயக்கம். அவ்வளவுதான்." டீயை என் பக்கம் நகர்த்தினார். "நீ கொஞ்ச நாளு ஊட்ல ரெஸ்ட் எடு. மெஷின்ல ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருச்சுன்னா உன்ற வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், சொல்லு சாமி."

அவனுக்கு வந்தால் வெயில். எனக்கு வந்தால் வலிப்பு. எனக்கு வரவே இல்லை, அதையும் சேர்த்துக்கொள். விழுந்தவன் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறான், தூக்கியவள் வீட்டுக்குப் போகிறாள். இதைச் சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடிக்காமல் வந்தேன், அதுதான் என்னால் முடிந்தது.

11 மார்ச், ஞாயிறு

வண்டி வராத ஞாயிறு. பைக் வந்தது. சதீஷ் லைன் வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு நின்றான். உள்ளே வாங்க என்று மாதவன்தான் கூப்பிட்டார். நெற்றியில் பிளாஸ்திரி.

"எனக்கு நிச்சயம் பண்ணியிருக்குதுங்க்கா. யாராச்சும் கேட்டா வெயில்னு சொல்லீருங்க."

வந்ததே கோபம். "அந்தக் கத்திரிய கண்ணுல எறங்க விட்டிருந்தா அப்பவும் வெயிலுன்னு சொல்லுவியா? ஒனக்காக நான் வாயத் திறந்து இன்னைக்கு வேலையில்லாம நிக்கிறேன்." முதலாளி வீட்டுப் பையனை ஒருமையில் பேசியது எழுதும்போதுதான் தெரிகிறது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "மாத்திரை இல்லீங்க்கா. வண்டி நின்னதுல இருந்தே சரியா இல்லை. எங்களுக்குத் தெரிஞ்ச மெடிக்கல்ல வாங்கினா பொழுதுக்குள்ள சேதி மாமாவுக்குப் போயிரும். அதான் அம்மா பேரைச் சொல்லி வண்டியில வாங்கிட்டிருந்தேன். இப்பக் கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்னு ஆக்கிட்டாங்க. பேரு வாசிக்கறவனே நானு, நானே எப்படிங்க கை தூக்கறது?"

அடப்பாவி. வேவு பார்க்கிறான் என்றல்லவா நினைத்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேச்சியம்மாள் என்று இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவன் குரல் இறங்கியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"நாளைக்கு நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். எனக்குத்தான் இனி லீவு கேக்க வேண்டியதில்லையே. வர்றதுன்னா வா" என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

12 மார்ச், திங்கள்

ஓ.பி. வரிசையில் அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஆம்பளை வரிசையில் ஹெல்மெட் ஒன்று தெரிந்தது.

இரண்டு பேருக்கும் மாத்திரை கிடைத்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் தையல் வேலை பார்க்கலாம் என்று டாக்டரம்மா எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சதீஷ் அந்தச் சீட்டை வாங்கி வாங்கிப் படித்தான். கடைசியில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மாமாகிட்ட நான் குடுக்கறனுங்க்கா" என்றான். கொடுப்பான் என்று நான் நம்பவில்லை.

24 மார்ச்

ஒரு சேதியும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறேன். பக்கத்து லைனில் என்னைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே கூப்பிடுகிறாள் ஒருத்தி. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். கழுதை.

31 மார்ச், சனி

சின்னத்தாய் அக்கா வேலை விட்டதும் நேரே இங்கே வந்தாள். ஆபீஸ் ரூமில் மாமனுக்கும் மருமகனுக்கும் சத்தமாம். கதவு சாத்தியிருந்தும் மெஷின் வரைக்கும் கேட்டதாம். "எனக்கு வெயில் இல்லீங்க மாமா, உங்குளுக்குத் தெரியும்" என்று அவன் கத்தினானாம். "ஆறுச்சாமி வெளிய வந்து யாரையும் பாக்காம கார்ல ஏறிப் போயிட்டாரு தாயி. பெத்தவன் மாதிரி மூஞ்சி தொங்கிப்போச்சு" என்றாள்.

2 ஏப்ரல், திங்கள்

வரச் சொல்லி ஆள் விட்டார்கள். ஓவர்லாக் இல்லை, செக்கிங் டேபிள். சம்பளம் குறைவு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜோதிகா. இரண்டு பேரும் டாமேஜ் பீஸ்களைப் பொறுக்கிக்கொண்டே அயர்னிங் பையன்களை வாய் வலிக்கத் திட்டினோம், மெதுவாக.

கேட் மேஜையை எடுத்துவிட்டார்கள். மறுபடி வண்டிதானாம், ஞாயிற்றுக்கிழமை.

22 ஏப்ரல், ஞாயிறு

வண்டி வந்தது. இப்போது ஆரன் அடிப்பதோடு சரி, பெயரைக் கத்துவதில்லை. கவரில் எதற்கு என்று எழுதுவதும் இல்லை. ஒவ்வொருவராகக் கதவருகே போய்க் குனிந்து சொல்லி வாங்கிக்கொள்கிறோம். என் முறை வந்தது. "பேச்சியம்மாக்கா" என்று தரணி சிரித்தாள். "அபிராமின்னே எழுதிக்க தரணி. இனிமே என்ன" என்றேன்.

கவரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆள் வந்து நின்றது தெரிந்தது. பைக் கோயில் சுவரோரம் நின்றது, ஹெல்மெட் அதன் கண்ணாடியில் தொங்கியது. நிச்சயம் என்ன ஆனதோ, நான் கேட்கவில்லை.

"யாருக்குங்க?" என்று தரணி வழக்கம்போலக் கேட்டாள்.

"எனக்குத்தானுங்க" என்றான் சதீஷ், வரிசைக்கே கேட்கிற மாதிரி.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். துணி அலச வேண்டியது பாதி கிடந்தது.