கிட்டங்கி மண்டபத்தில் சுருட்டு மணம்

12.05.2025
இன்று தாலி கட்டும் நேரத்தில் மணவறைப் பக்கம் சுருட்டு மணம். என் மூக்கிலும் பட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் புகைத்த ஆளைக் காணவில்லை. மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி சபை கேட்கச் சொன்னா: "உது பழைய புகையிலைக் கிட்டங்கியெல்லோ. சுருட்டுக் கிழவன் வந்திட்டான்!"

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே செத்துப்போன யாவாரியாம். அவன் வந்த கலியாணம் நிலைக்காதாம். என் கணவர் கிட்டங்கியைத் திருத்தி மண்டபமாக்கி, கண்ணை மூடும்வரை நடத்தினார். அப்போதெல்லாம் இந்தக் கிழவன் எங்கே போயிருந்தான்?

15.05.2025
இரண்டு வீட்டார் மண்டபம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆவணியில் என் மகள் டிலக்ஷியின் கலியாணமும் இங்கேதான். கனடா மாப்பிள்ளை. இந்தக் கதை அவர்களின் காதுக்குப் போனால்?

காவலுக்கு இருக்கும் முருகேசு அண்ணையைக் கேட்டேன். "சந்நிதி முருகனுக்கு நேர்ந்து சுருட்டை விட்டிட்டன், பிள்ளை" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?

சண்டிலிப்பாய்ச் சந்தையில் தியாகலிங்கம். புதிதாக ஏசி மண்டபம் கட்டியிருக்கிறான் அல்லவா, வாய் காதுவரைக்கும். "என்ன இராசமலர், உங்கடை கிழவன் சுகமோ?" உவன்தான். உவனேதான் ஆள் வைத்துச் செய்கிறான்.

டிலக்ஷி கலியாண விசயமாக ஏதோ கதைக்க வேண்டுமாம். முதலில் இந்தப் பேயை முடிப்போம் என்றேன்.

21.05.2025
பேயை விரட்டக் கழிப்புக் கழித்தாயிற்று. ஊர் பார்க்கட்டும் என்று பகலிலேயே, படலையைத் திறந்துவிட்டு. தேசிக்காய் வெட்டி, நீற்றுப்பூசணிக்காயைச் சந்தியில் உடைத்தோம். இனி ஒருவரும் வாய் திறக்க ஏலாது.

24.05.2025
விசர் வேலை பார்த்துவிட்டேன். "பேய் இல்லாட்டி இராசமலர் ஏன் கழிப்புக் கழிச்சவ?" என்று ஊர் முழுக்கக் கதை. என் கையாலேயே பேய்க்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்!

30.05.2025
மணவறைக்குப் பின்னால் உள்ள களஞ்சிய அறையில், யன்னல் திட்டில் பாதி எரிந்த சுருட்டு. பேய் தீப்பெட்டி வாங்குமா? அந்த அறைப் பூட்டின் திறப்பு என்னிடமும் டிலக்ஷியிடமும்தான். அப்படியென்றால் முருகேசு அண்ணை கள்ளத் திறப்பு அடித்திருக்கிறார். தியாகலிங்கம் எவ்வளவு கொடுத்தானோ! நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னேன். கொடியில் கிடந்த சாரத்தையும் தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

டிலக்ஷி சாப்பிடாமல் எழும்பிவிட்டாள். "பாவம் அந்த மனிசன்" என்றாள். இவளுக்கு என்ன தெரியும்.

08.06.2025
மாப்பிள்ளையின் தாய் குணலட்சுமி புத்தூரிலிருந்து மண்டபம் பார்க்க வந்தா. நல்லாய்த்தான் கதைத்துக்கொண்டு நின்றா. மணவறையடிக்குப் போனதும் மூக்கைச் சுளித்தா. சுருட்டு! முருகேசு அண்ணை இல்லை, தியாகலிங்கத்தின் காகம்கூட உள்ளே இல்லை. எனக்கே மயிர் கூச்செறிந்தது.

அவ போன பிறகு டிலக்ஷி என்னைத் தாண்டிப் போனாள். அவள் தலைமயிரில் அதே மணம்.

கையைப் பிடித்து இழுத்தேன். அடிக்கக்கூட ஓங்கினேன். அவள் அழவில்லை. "எனக்கு விருப்பமில்லை எண்டு எத்தினை தரம் சொல்ல வந்தனான், அம்மா? நான் சொன்னால் ஒருத்தரும் கேக்கேல்லை. பேய் சொன்னால் எல்லாரும் கேக்கினம்."

"அப்ப அண்டைக்கு, அந்தக் கலியாணத்திலை?"

"அது நானில்லை. சத்தியமாய். அண்டைக்குத்தான் எனக்கு உந்த யோசினையே வந்தது."

என் பிள்ளைக்கு ஒரு பேயின் துணை தேவைப்பட்டிருக்கிறது. நான் ஒருத்தி இருக்க. ஐயோ, முருகேசு அண்ணை.

09.06.2025
குணலட்சுமி போன் எடுத்தா. "மகன் லக்ஷன் உதுகளை நம்பான். ஆனால் உங்கடை பிள்ளை வளர்ந்ததும் அந்த வளவுக்குள்ளையெல்லோ, எனக்கு மனம் ஒரு மாதிரியாய்க் கிடக்கு. பேய் கீய் ஒண்டுமில்லை எண்டு உங்கடை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்கு அது போதும்."

ஒரு சொல். சொன்னால் கலியாணமும் நடக்கும், மண்டபத்தின் பேரும் மீளும். இந்த ஒரு மாதமாக ஊர் முழுக்க நான் தொண்டை கிழியச் சொன்ன சொல்தான். டிலக்ஷி குசினி வாசலில் நின்றாள்.

"இருக்கு" என்றேன். "கண்ணாலை கண்டனான்."

10.06.2025
முருகேசு அண்ணை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எழும்பிக் கதிரை போட்டார். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு வருவாராம்.

28.08.2025
ஆவணி முகூர்த்தம். தியாகலிங்கத்தின் மண்டபத்து மேளம் இங்கே கேட்கிறது. எங்களுடையது பூட்டிக் கிடக்கிறது.

பின்னேரம், கதை தெரியாத ஒரு வெளியூர்த் தாய் மகளோடு மண்டபம் பார்க்க வந்தா. எத்தனை பேர் இருக்கலாம், சமையல்கட்டு எங்கே என்று எல்லாவற்றையும் கேட்டா. பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. மகள் பின்னால் ஆறுதலாக, ஒவ்வோர் அடியாக வந்தாள். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ரி, இங்கை சுருட்டு மணம் வருமெண்டு ஒரு சிநேகிதி சொன்னவள். மெய்யே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. வரவேண்டும் என்று கேட்கிற முகம்.

"ஓம் பிள்ளை" என்றேன், தாய்க்கும் கேட்கும்படியாக. "பொம்பிளைக்கு விருப்பமில்லாத கலியாணமெண்டால் கட்டாயம் வரும்."

தாய் நின்றா. திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தா.